கிரிக்கெட் மேனேஜர் கேம்: ஆட்டக்காரருக்கு எவ்வளவு சம்பளம்?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், கூடவே வந்த சீட்டாட்டத்தை ஆடுவோம். இரண்டாவது மாதம் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறப்போம். உள்ளே வெறும் கட்டங்கள்! பால் கணக்கு, பேப்பர் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு கிரிக்கெட் லீகையே நடத்தலாம். அதில் மிகவும் சண்டை வரும் ஒரு வேலையை மட்டும் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்: ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிர்ணயிக்கும் ஃபார்முலா.

முதலில் மேனேஜர் கேம் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். இதில் நீங்கள் மட்டையைப் பிடிக்க மாட்டீர்கள். ஒரு டீமின் மேனேஜராக இருப்பீர்கள். ஆட்களை வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது, பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, வாரச் சம்பளம் தருவது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி ஸ்கோரைச் சொல்லிவிடும். 1997ல் சுவீடனில் தொடங்கிய ஹாட்ரிக் என்ற கால்பந்து கேம் இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. பிரவுசரிலேயே ஆடலாம், தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் கோஷ்டி நாங்கள். எங்களுக்காக இதே போன்ற ஒரு கிரிக்கெட் கேமை நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எழுதினோம். எட்டு டீம், டீமுக்கு 15 பேர், ஆக 120 ஆட்டக்காரர்கள். எல்லோரும் கற்பனைப் பெயர்கள்தான். காசு எதுவும் கிடையாது. (காசு கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.) சம்பள ஃபார்முலாவை முதலில் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்து, சரியென்றால் மட்டும் கேமில் சேர்ப்பது எங்கள் வழக்கம். அதே ஸ்ப்ரெட்ஷீட்டைத்தான் இப்போது நீங்களும் செய்யப் போகிறீர்கள்.

எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். கூகுள் ஷீட்ஸ் கூடப் போதும். கீழே வரும் ஃபார்முலாக்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பி2 என்றால் பி என்ற நெடுவரிசையில் இரண்டாவது கட்டம். கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளையே அடிக்க வேண்டும்.

முதல் ஃபார்முலா, முதல் சண்டை

ஏ நெடுவரிசையில் பெயர், பி நெடுவரிசையில் பேட்டிங் திறமை, சி நெடுவரிசையில் பவுலிங் திறமை. திறமைகள் 0 முதல் 100 வரை. முதல் வரிசை தலைப்புக்கு, ஆட்டக்காரர்கள் இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்குவார்கள். சம்பளம் எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், புள்ளிக்கு நூறு ரூபாய் என்பதுதான். அதாவது டி2 கட்டத்தில்

=(பி2+சி2)*100

என்று அடித்து என்டர் தட்டுங்கள். பேட்டிங் 90, பவுலிங் 10 உள்ளவருக்கு 10,000 ரூபாய். பேட்டிங் 50, பவுலிங் 50 உள்ளவருக்கும் 10,000 ரூபாய். நியாயம்தானே என்று தோன்றும்.

இப்போது ஒரு மேனேஜராக யோசியுங்கள். டீமுக்கு வாரச் சம்பளத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வரம்பு. 90 புள்ளி பேட்ஸ்மேன் ஆட்டத்தையே மாற்றிவிடுவார். 50-50 ஆசாமி பத்து ரன் அடிப்பார், இரண்டு ஓவர் போட்டு ரன் கொடுப்பார். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் என்றால் யாரை வைத்துக்கொள்வீர்கள்? 10,000 ரூபாய்க்கு ஒரு ஸ்டார் என்ற கணக்கில் ஒன்பது ஸ்டார்களை வைத்துக்கொண்டு, மீதி ஆறு இடத்துக்கு யாரையாவது போட்டு நிரப்பிவிடலாம். களத்தில் பதினொரு பேருக்குத்தானே இடம்!

எங்கள் கேமில் எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்டு இந்த ஃபார்முலாவில்தான் முதல் சீசனை ஆடினார்கள். சீசன் முடிவதற்குள் மூன்று டீம்கள் ஸ்டார்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டன. சம்பளம் அவர்களைக் கடிக்கவே இல்லை. ஜெயித்தார்கள், பரிசுப் பணம் வந்தது, அந்தப் பணத்தில் மேலும் ஸ்டார்களை வாங்கினார்கள். இரண்டாவது சீசனில் ஒரு டீம் கைமாறி, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் புது மேனேஜராக வந்தான். மூன்றாவது வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணா, என் டீம்ல இருக்குற எல்லாரையும் குடுத்தாக்கூட அவங்க கிட்ட இருக்குற ஒரு பேட்ஸ்மேனை வாங்க முடியாதாண்ணா?" கணக்குப் போட்டுப் பார்த்தோம். முடியாது. தெருக் கிரிக்கெட்டில் சின்னப் பையன் என்றால் ஒப்புக்குச் சப்பாணியாகவாவது சேர்த்துக்கொள்வோம். இங்கே அவன் பதினான்கு வாரமும் தோற்பதற்காகவே லாகின் செய்ய வேண்டும். இப்படி ஒருவன் போனால் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போவார்கள். எட்டு டீம் ஐந்தாகும், அப்புறம் கேமே இருக்காது.

எனவே சம்பள ஃபார்முலாவின் வேலை ஆட்டக்காரரைப் பாராட்டுவது என்று நினைக்க வேண்டாம். கற்பனை ஆட்டக்காரருக்குச் சம்பளம் எதற்கு? எல்லா ஸ்டார்களும் ஒரே டீமில் போய் அடைந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

உண்மையான ஏலம் என்ன சொல்கிறது?

நமக்கு நன்றாகத் தெரிந்த சம்பளப் பட்டியல் ஐ.பி.எல். ஏலம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். அந்த ஏலத்தில் குறைந்தபட்ச ஆரம்ப விலை 30 லட்சம். வகுத்துப் பாருங்கள்: 90 மடங்கு. பந்த் மற்றவரைவிட 90 மடங்கு நன்றாக ஆடுகிறார் என்று லக்னோ டீம்கூடச் சொல்லாது. ஆனால் பதினொரு இடம்தான் இருக்கிறது, அவரைப் போன்றவர்களும் சிலரே. எனவே திறமை கொஞ்சம் ஏறினால் விலை பல மடங்கு ஏறுகிறது.

கேமிலும் அதையே செய்வோம். திறமை பத்துப் புள்ளி ஏறினால் சம்பளம் இரட்டிப்பு. 40 புள்ளிக்கு 500 ரூபாய் என்று வைத்தால், 50க்கு 1,000, 60க்கு 2,000, 70க்கு 4,000, 80க்கு 8,000, 90க்கு 16,000. டி2 கட்டத்தில் பழைய ஃபார்முலாவை அழித்துவிட்டு இதை அடியுங்கள்:

=500*2^((பி2-40)/10)

நடுவில் உள்ள தொப்பிக் குறி, ஷிப்ட் கீயுடன் 6ஐ அழுத்தினால் வரும். இது பேட்டிங்குக்கான சம்பளம். இ2 கட்டத்தில் இதையே பி2க்குப் பதில் சி2 போட்டு அடித்தால் பவுலிங்குக்கான சம்பளம். இப்போது 90-10 ஆசாமிக்கு இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 16,060 ரூபாய். 50-50 ஆசாமிக்கு 2,000 ரூபாய். எட்டு மடங்கு வித்தியாசம்.

அதே ஒரு லட்சத்தில் மறுபடியும் டீம் போட்டுப் பாருங்கள். ஆறு ஸ்டார்களை வைத்தால் 96,000க்கு மேல் போய்விடும். மீதி ஒன்பது பேருக்கு ஆளுக்கு 400 ரூபாய்தான். 400 ரூபாய்க்குக் கிடைப்பவர் 37 புள்ளிக்காரர். அவர் கையில் பந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான்கு ஸ்டார்களோடு நிறுத்திக்கொண்டால் மீதிப் பதினொரு பேருக்கு ஆளுக்கு 3,250 கிடைக்கும், அதில் 67 புள்ளிக்காரர்கள் வருவார்கள். பணக்கார மேனேஜரும் ஐந்தாவது, ஆறாவது ஸ்டாரை விற்றாக வேண்டும். விற்க ஆள் வந்தால் விலை இறங்கும். நம்ம பத்தாம் வகுப்புப் பையனும் ஒருவரை வாங்கலாம்.

பத்துப் புள்ளிக்கு ஏன் இரட்டிப்பு, ஏன் ஒன்றரை மடங்கு இல்லை? இதை மனம்போனபடி வைக்கக் கூடாது. ஒரு டீமில் 60 புள்ளி பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு 70 புள்ளி பேட்ஸ்மேனைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆயிரம் ஆட்டம் ஆட விடுங்கள். எத்தனை வெற்றி கூடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு 70க்குப் பதில் 80, 80க்குப் பதில் 90. வெற்றி எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, சம்பளம் அதைவிடக் கொஞ்சம் வேகமாக ஏற வேண்டும். அந்த 'கொஞ்சம்' இல்லாவிட்டால் ஸ்டார்கள் மறுபடியும் மலிவாகிவிடுவார்கள். ஆயிரம் ஆட்டத்தை நாம் ஆட ஒரு ஆயுள் போதாது. கம்ப்யூட்டருக்கு டீ குடிக்கும் நேரம் போதும்.

ஆல்ரவுண்டர் என்னும் தலைவலி

கால்பந்து மேனேஜர் கேம்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரரின் முக்கியத் திறமைக்கே சம்பளத்தில் பெரும் பங்கு. மற்றத் திறமைகள் குறைவாகவே சேரும். காரணம் உண்டு. கால்பந்தில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் ஆடுவார். கோல்கீப்பர் நன்றாகக் கோல் அடிப்பார் என்பதால் என்ன லாபம்?

கிரிக்கெட்டுக்கு இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துவந்தால் இடிக்கும். இங்கே ஆல்ரவுண்டர் ஒரே ஆட்டத்தில் இரண்டு வேலையும் செய்கிறார். டி20 ஆட்டத்தில் ஒருவர் 4 ஓவர்தான் போடலாம். 20 ஓவருக்குக் குறைந்தது ஐந்து பவுலர்கள் வேண்டும். அவர்களில் இரண்டு பேர் நன்றாக பேட்டிங்கும் செய்தால், உங்களுக்குப் பதினொன்றுக்குப் பதில் பதின்மூன்று பேர் ஆடுகிற மாதிரி.

ஏலத்திலும் இது தெரிகிறது. 2022 டிசம்பரில் கொச்சியில் நடந்த ஏலத்தில் முதல் மூன்று விலைகளைப் பாருங்கள். சாம் கரன் 18.5 கோடி, கேமரூன் கிரீன் 17.5 கோடி, பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடி. மூவருமே ஆல்ரவுண்டர்கள். நான்காவது நிக்கோலஸ் பூரன், 16 கோடி. அவர் கீப்பர், பேட்ஸ்மேன். அவருக்கும் இரண்டு வேலை!

எனவே எங்கள் ஃபார்முலாவில் இரண்டு சம்பளத்தையும் முழுதாகக் கூட்டுகிறோம். எஃப்2 கட்டத்தில் =டி2+இ2 என்று அடித்தால் போதும். பேட்டிங் 80, பவுலிங் 70 என்றால் 8,000ம் 4,000ம் சேர்ந்து 12,000. ஒரு இடம் மிச்சமாகிறதே, அதற்கும் பத்து சதவீதம் கூடுதல் போட வேண்டும் என்று ஒரு மேனேஜர் கேட்டார். அவரிடம் ஆல்ரவுண்டரே கிடையாது என்பது வேறு விஷயம். இருந்தாலும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டு திறமையும் 60க்கு மேல் இருந்தால் மட்டும் பத்து சதவீதம் கூட்ட,

=(டி2+இ2)*இஃப்(மின்(பி2,சி2)>60, 1.1, 1)

மின் என்பது இரண்டில் சிறியதை எடுக்கும் ஃபங்ஷன். எம், ஐ, என் என்று மூன்று எழுத்து. அந்தச் சிறிய எண்ணே 60க்கு மேல் இருந்தால் 1.1ஆல் பெருக்கும், இல்லையென்றால் 1ஆல் பெருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்ட விதி மாறினால் இந்தப் பத்து சதவீதமும் மாற வேண்டும். ஐ.பி.எல்.லில் 2023 முதல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. ஆட்டத்தின் நடுவே ஒரு பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு ஒரு பவுலரை உள்ளே கொண்டுவரலாம். அப்படியானால் ஆல்ரவுண்டர் மிச்சப்படுத்தும் இடத்துக்கு மதிப்பு ஏது? வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே வருவதில்லை என்று ரோஹித் சர்மா 2024ல் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் கேமில் இம்பாக்ட் பிளேயர் கிடையாது, அதனால் பத்து சதவீதம் நிற்கிறது. உங்கள் கேமில் சேர்த்தால் அந்த இஃப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

சம்பளம் எப்போது மாற வேண்டும்?

என்னைக் கேட்டால் முழுக் கட்டுரையிலும் முக்கியமான பகுதி இதுதான். ஃபார்முலா எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை எப்போது ஓட்டுகிறீர்கள் என்பதில் பாதி நியாயம் அடங்கியிருக்கிறது.

சென்னைப் பையன் சாய் சுதர்சனை எடுத்துக்கொள்வோம். 2022 ஐ.பி.எல். ஏலத்தில் குஜராத் டீம் அவரை 20 லட்சத்துக்கு வாங்கியது. 2023 பிப்ரவரியில் டி.என்.பி.எல். முதன்முதலாக ஏலம் நடத்தியது. அதில் கோவை டீம் அவருக்குக் கொடுத்த விலை 21.6 லட்சம். அதாவது ஐ.பி.எல். விலையைவிட நம்ம மாநில லீகின் விலை அதிகம்! அடுத்த மூன்று மாதத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ரன் அடித்தார். (நம்ம ஊர்ப் பையன் என்று கைதட்டுவதா, சென்னை தோற்றுவிடுமோ என்று நகம் கடிப்பதா என்று தெரியாமல் இருந்த ராத்திரி அது.) அன்றும் ஏலத்தில் குறித்த விலை அதே 20 லட்சம்தான். 2025 சீசனுக்கு குஜராத் அவரைத் தக்கவைத்தபோது விலை 8.5 கோடி. அந்த சீசனில் 759 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். 20 லட்சத்திலிருந்து 8.5 கோடி என்றால் 42.5 மடங்கு. நடுவில் திறமை ஏறியும் விலை ஏறாத காலம் முழுக்க லாபம் யாருக்கு? டீமுக்கு.

நடராஜன் கதை இன்னும் விசித்திரம். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர். 2017ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 2018ல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. 2020ல் 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்து, வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர் அங்கேயே மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். 2022 ஏலத்தில் 4 கோடி, 2024 ஏலத்தில் 10.75 கோடி. அதே இடது கை, அதே யார்க்கர்.

ஹாட்ரிக் கேமில் ஆட்டக்காரரின் சம்பளம் அவருடைய பிறந்தநாளில் மாறும். அங்கே ஒரு வருடம் என்பது 112 நாள். பயிற்சியில் திறமை ஏறினாலும் பிறந்தநாள் வரும்வரை பழைய சம்பளமே. இது ஐ.பி.எல்.லைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பிறந்தநாள் அன்று சம்பளம் திடீரென்று எகிறும். புது மேனேஜர் ஒருவருக்கு இது தெரியாவிட்டால் கையிருப்பு காலியாகிவிடும்.

வாரம் ஒருமுறை மாற்றுவது, ஆனால் ஒரே வாரத்தில் அளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல் பிடித்துவைப்பது என்பது எங்கள் வழி. இதற்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. ஜி2 கட்டத்தில் போன வாரச் சம்பளம் இருக்கட்டும். எச்2 கட்டத்தில்

=மீடியன்(ஜி2*0.8, எஃப்2, ஜி2*1.2)

மீடியன் என்பது மூன்று எண்களில் நடுவில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். பழைய சம்பளம் 1,000, ஃபார்முலா சொல்லும் புதிய சம்பளம் 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 800, 4,000, 1,200 ஆகிய மூன்றில் நடுவில் இருப்பது 1,200. அதுதான் இந்த வாரச் சம்பளம். புதிய சம்பளம் 1,100 என்றால் அதுவே நடுவில் வரும், அப்படியே கிடைக்கும். நாலைந்து இஃப் போட்டு எழுத வேண்டியதை ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

இருபது சதவீதம் போதுமா? சாய் சுதர்சன் மாதிரி 42.5 மடங்கு ஏற வேண்டியவருக்கு வாரம் 20 சதவீதம் என்றால் 21 வாரம் ஆகும். எங்கள் சீசன் 14 வாரம்தான். ஒன்றரை சீசன் அவர் மலிவாகவே கிடைப்பார். 35 சதவீதம் என்று வைத்தால் 13 வாரத்தில் சரியான விலைக்கு வந்துவிடுவார். நான் 35 பக்கம். ஏறுவதற்கு 35, இறங்குவதற்கு 20 என்று வைத்திருக்கிறோம். காயம்பட்டவரின் சம்பளம் ஒரேயடியாக விழுந்தால், சும்மா இருக்கும் ஆளை மலிவாக வாங்கிப் பதுக்கிவைக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும்.

வாரம் முடிந்ததும் எச் நெடுவரிசையைக் காப்பி செய்து ஜி நெடுவரிசையில் ஒட்ட வேண்டும். சாதாரணமாக பேஸ்ட் செய்தால் ஃபார்முலாவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு எல்லாம் குழம்பிவிடும். பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் மட்டும் ஒட்டும்.

ரன்னையும் விக்கெட்டையும் வைத்துச் சம்பளம் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். உடனே என்ன நடக்கும் தெரியுமா? நன்றாக ஆடுபவரை மேனேஜர் எட்டாவதாக இறக்குவார். ரன் குறையும், சம்பளம் குறையும், முக்கியமான ஆட்டத்தில் மட்டும் மேலே அனுப்புவார். நாங்கள் அந்த வம்புக்கே போகவில்லை. அதற்குப் பதில் ஐ.பி.எல். 2025ல் கொண்டுவந்த ஆட்டக் கட்டணத்தைப் பின்பற்றினோம். அங்கே ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டத்துக்கு 7.5 லட்சம், இம்பாக்ட் பிளேயருக்கும் சேர்த்து. 14 லீக் ஆட்டமும் ஆடினால் 1.05 கோடி. ஒரு டீமுக்கு 12 பேர், 14 ஆட்டம், 7.5 லட்சம்: பெருக்கினால் 12.6 கோடி. இந்த 12.6 கோடியை ஏலப் பணத்தில் தொடாமல் டீம் தனியாக ஒதுக்க வேண்டும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒருவரை ஆட விடாமல் உட்கார வைத்து அந்தக் காசில் வேறு ஆளை வாங்க முடியாது. 30 லட்சத்துக்கு வந்த பையன் எல்லா ஆட்டமும் ஆடினால் 1.35 கோடியோடு வீட்டுக்குப் போவான்.

டாலர் குறியும் டெண்டுல்கரும்

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. பயிற்சியால் எல்லோருடைய திறமையும் ஏறிக்கொண்டே போகும். சம்பளமும் ஏறும். ஆனால் டீமின் வரம்பு அதே ஒரு லட்சம். நான்கு சீசனில் எல்லா டீமும் கடனாளி.

ரூபாயைப் பார்க்காமல் பங்கைப் பார்த்தால் இது தீரும். 2008 பிப்ரவரி ஏலத்தில் ஒரு டீமின் மொத்தப் பணம் 50 லட்சம் டாலர். சென்னை தோனிக்குக் கொடுத்தது 15 லட்சம் டாலர், அதாவது 30 சதவீதம். 2024 ஏலத்தில் மொத்தப் பணம் 120 கோடி, பந்த்துக்கு 27 கோடி, அதாவது 22.5 சதவீதம். ரூபாயில் பந்த் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார். பங்கில் தோனிதான் இன்னும் மேலே.

எங்கள் எட்டு டீமுக்கும் சேர்த்து வாரத்துக்கு எட்டு லட்சம். அதை 120 பேருக்கும் பங்கு போடுவோம். ஐ2 கட்டத்தில்

=எச்2/சம்($எச்$2:$எச்$121)*800000

அடித்துவிட்டு கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து 121வது வரிசை வரை இழுங்கள். டாலர் குறி எதற்கு? இழுக்கும்போது எச்2 என்பது எச்3, எச்4 என்று தானாக மாறும். அது நமக்கு வேண்டும். ஆனால் மொத்தக் கூட்டல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். டாலர் குறி போட்டால் அந்தப் பகுதி நகராது. ஃபார்முலாவில் அந்த இடத்தில் கர்சரை வைத்து எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் குறி தானே வந்துவிடும். லேப்டாப்பில் சிலவற்றில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

2008ல் இன்னொரு சுவாரசியமான ஃபார்முலாவும் இருந்தது. டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஐவரும் ஏலத்துக்கு வரவில்லை. தங்கள் டீமில் அதிக விலை பெறுபவரைவிட 15 சதவீதம் கூடுதல் என்பது அவர்களுக்கான விதி. மும்பையில் ஜெயசூர்யாவுக்கு 9,75,000 டாலர். டெண்டுல்கருக்கு 11,21,250 டாலர். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், டாலர் பிசகாமல் வரும். இதை உங்கள் ஷீட்டில் எழுத மேக்ஸ் ஃபங்ஷனை எடுத்து 1.15ஆல் பெருக்கலாம். ஆனால் டெண்டுல்கரின் கட்டமே அந்தப் பட்டியலுக்குள் இருந்தால் கம்ப்யூட்டர் 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' என்று எச்சரிக்கும். தன்னைவிடத் தானே 15 சதவீதம் அதிகம் வாங்க முடியாதல்லவா! அவர் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பட்டியலில் சேர்க்கவும்.

விதி எழுதும்போது சந்துபொந்துகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022ல் சென்னை தோனியைத் தக்கவைத்தது 12 கோடிக்கு. ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர் புதுமுகத்துக்குச் சமம் என்ற பழைய விதி 2024ல் திரும்ப வந்தது. தோனியின் விலை 4 கோடி ஆனது. ரசிகனாக எனக்கு மகிழ்ச்சி. ஃபார்முலா எழுதுகிறவனாகப் பார்த்தால், ஒரு டீமுக்கு மட்டும் அதிகம் பயன்பட்ட விதி அது. எங்கள் கேமில் யார் புது விதி கொண்டுவந்தாலும், அது எட்டு டீமில் எத்தனை டீமுக்கு உதவும் என்று ஷீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டெடுப்பு.

ஃபார்முலாவை எல்லோருக்கும் காட்டுவதா, மறைப்பதா என்றும் பேச்சு வந்தது. மறைத்தால் சுவாரசியம் கூடும் என்றார்கள் சிலர். நடப்பது வேறு. இரண்டு சீசன் ஆடிய பழைய ஆட்கள் எண்களை எழுதிவைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், புதிதாக வருபவருக்கு மட்டும் தெரியாது. ஷீட்டை அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். பத்தாம் வகுப்புப் பையன்தான் அதை முதலில் முழுதாகப் படித்தவன். மூன்று ஸ்டார்களை வைத்திருந்த ஒரு மேனேஜருக்கு அடுத்த நான்கு வாரத்தில் சம்பளம் வரம்பைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு, காத்திருந்து, ஒருவரை மலிவு விலையில் வாங்கினான்.

இன்னும் தீராமல் இருப்பது விக்கெட் கீப்பர் விவகாரம். ஒரு டீமுக்கு ஒரு கீப்பர் போதும், இரண்டாவது கீப்பரின் கீப்பிங் திறமைக்கு மதிப்பே இல்லை. ஆனால் முதல் கீப்பர் காயம்பட்டால் அவரைப் போல விலைமதிப்புள்ளவர் யாருமில்லை. இப்போதைக்கு கீப்பிங் சம்பளத்தில் பாதியை மட்டும் சேர்க்கிறோம். நல்ல கீப்பர் வைத்திருக்கும் இரண்டு மேனேஜர்கள் இதுவே சரி என்கிறார்கள், மற்ற ஆறு பேர் முழுதும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறோம். அதற்கு முன் ஷீட்டில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்து, இரண்டு விதமாகவும் ஆயிரம் ஆட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.